ராத்திரி பத்தரை மணி வால்யூம்

ஸ்டீரியோ வாங்கக் கடைக்குப் போனால் முதலில் செய்ய வேண்டியது, ஓடும் பாட்டின் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது. கடைக்காரருக்கு இது பிடிக்காது. சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஷோரூமில் நான் இப்படிக் கேட்டபோது, விற்பனைக்கு நின்ற தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "குறைச்சா என்னங்க சார் தெரியும்? பாஸ் எப்படி அள்ளுது பாருங்க" என்று சொல்லி வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினான். பக்கத்தில் டிவி விலை விசாரித்துக்கொண்டிருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஷோரூம் பெரிய கூடம். ஏசி இரைகிறது, வாசலில் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது, நாலு டிவி ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அங்கே சத்தமாக வைத்தால்தான் பொருள் விற்கும். ஆனால் அந்தப் பெட்டி குடியேறப் போவது அழகாபுரத்திலோ அம்மாபேட்டையிலோ ஒரு பத்துக்குப் பத்து படுக்கையறையில். பக்கத்து அறையில் பையன் பரீட்சைக்குப் படிக்கிறான், மாமியார் தூங்கிவிட்டார், மணி ராத்திரி பத்தரை. அந்த நேரத்தில், அந்த வால்யூமில் அது எப்படிப் பாடும் என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். கடையில் அதை மட்டும் காட்ட மாட்டார்கள்.

சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் படுக்கையறைக்கோ ஆபீஸ் அறைக்கோ சின்ன ஸ்டீரியோ வாங்கித் தரும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அதில் எனக்கு உறுதிப்பட்ட சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். ஹாலுக்கு ஹோம் தியேட்டர் தேடுகிறவர்களுக்கு இது உதவாது. அது வேறு உலகம்.

முதலில் வாட்ஸ் கதையை முடித்துவிடலாம். அட்டைப்பெட்டியின் மேல் ஆயிரம், இரண்டாயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் பிஎம்பிஓ என்று இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதை அளப்பதற்கு ஒரு பொது முறையே கிடையாது. அவரவர் விருப்பப்படி போட்டுக்கொள்வது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், என்று போட்டிருக்கும் எண் ஓரளவு நம்பத் தகுந்தது. அதுவும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பீக்கரின் விவரத் தாளில் சென்சிடிவிட்டி என்று ஒன்று இருக்கும். 87 டெசிபெல் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 87 டெசிபெல் சத்தம் வரும் என்று பொருள். தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். இது திறந்தவெளிக் கணக்கு. அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் இவ்வளவு குறையாது. இருந்தாலும் இதையே வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் தள்ளிக் கட்டிலில் சாய்ந்திருப்பவருக்கு ஒரே வாட்டில் 81 டெசிபெல் கிடைத்துவிடுகிறது. ராத்திரி வீட்டில் யாரும் 65க்கு மேல் வைக்க மாட்டார்கள். அதற்கு வேண்டியது ஒரு வாட்டில் நாற்பதில் ஒரு பங்கு! தவில்காரர் திடீரென்று ஓங்கி அடிக்கும் இடங்களுக்கு 20 டெசிபெல் கூடுதலாக ஒதுக்கினாலும் இரண்டரை வாட்டில் முடிந்துவிடும்.

பகலில் கொஞ்சம் தாராளமாகக் கேட்கவும் சேர்த்து, இடது, வலது என ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 வாட் உண்மையாகவே இருந்தால் படுக்கையறைக்கு அதிகம். அதை 40 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எனவே 30 வாட்டா 60 வாட்டா என்று கடையில் மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

சரி, வாட்ஸ் இல்லையென்றால் வேறு எதைப் பார்ப்பது? குறைந்த வால்யூமில் அந்த செட் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதில்தான் செட்டுக்கு செட் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பாதிப் பேர் வாங்கி வந்த பிறகுதான் அதைக் கவனிக்கிறார்கள்.

நம் காது எல்லா ஸ்வரங்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் இதை அளந்து வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். சத்தம் குறையக் குறைய, நடு ஸ்வரங்களைவிட அடி ஸ்வரங்கள் வேகமாகக் காதிலிருந்து மறைந்துவிடுகின்றன. சத்தமாக வைக்கும்போது நிறைந்து ஒலித்த பாட்டு, குறைத்ததும் வயிறு ஒட்டிப்போன மாதிரி ஆவது இதனால்தான். செட்டும் பழுதில்லை, பாட்டும் பழுதில்லை. ஸ்பீக்கருக்குப் பாட்டைப் பெருக்கித் தரும் பெட்டியான ஆம்ப்பில், பழைய மாடல்களில், 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்கு மருந்து. குறைந்த வால்யூமில் பாஸைத் தூக்கிக் கொடுக்கும். யமஹா தன் சில ஆம்ப்களில் இதைப் பொத்தானாக வைக்காமல், வேண்டிய அளவு திருப்பிக்கொள்ளும் நாபாகவே வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் படுக்கையறை செட்டில் ப்ளூடூத்தைவிட முக்கியமான வசதி இது. லவுட்னஸ் இல்லாவிட்டால் பாஸ், ட்ரெபிள் நாப்களாவது தனித்தனியாக இருக்க வேண்டும். 'ராக்', 'பாப்', 'ஜாஸ்' என்று நாலு பெயர் மட்டும் வைத்துக்கொண்டு நாபே இல்லாத செட்டுகளை நான் தொடுவதில்லை. தவில் நாதஸ்வரத்துக்கு அதில் எதை அழுத்துவது?

இரண்டாவது, வால்யூம் நாபின் தரம். நாபுக்கு உள்ளே இடது வலது இரண்டுக்கும் தனித்தனிப் பாதை இருக்கிறது. மலிவான நாபில் தொடக்கத்திலேயே இரண்டும் ஒத்துப்போகாது. நாபைப் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருப்பினால் முதலில் ஒரு பக்கம் மட்டும் பாடும், கொஞ்சம் கழித்துத்தான் இன்னொரு பக்கம் சேர்ந்துகொள்ளும். நாபின் குறி, கடிகாரத்தில் ஒன்பது இருக்கும் இடத்தைத் தாண்டினால் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ராத்திரி நாம் நாபை அவ்வளவு தூரம் திருப்பவே மாட்டோம். டிஜிட்டல் வால்யூமில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு. படிகள் பெரிதாக இருந்தால் 1இல் கேட்காது, 2இல் வீடே எழுந்துவிடும். இரண்டையும் கடையிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்குத்தான் குறைக்கச் சொன்னேன்.

அப்புறம் அந்த ஆட்டோ ஸ்டாண்ட்பை. 15, 20 நிமிடம் பாட்டு வரவில்லை என்றால் தானே அணைந்துவிடும் ஏற்பாடு. மின்சாரம் மிச்சமாகிறது, நல்லதுதான். ஆனால் சில செட்டுகளுக்கு மெல்லிய பாட்டுக்கும் பாட்டே இல்லாததற்கும் வித்தியாசம் தெரிவதில்லை. ஃபோனிலேயே வால்யூமைக் குறைத்து வைத்து ஆலாபனை கேட்டுக்கொண்டிருந்தால் பாதியில் அணைந்துவிடும். ஃபோன் வால்யூமை உயர்த்தி ஆம்ப் வால்யூமைக் குறைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் தீரும். இந்த ஏற்பாட்டையே நிறுத்திவைக்க மெனுவில் வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முன்பக்கத்து நீல விளக்கையும் கவனியுங்கள். கடை வெளிச்சத்தில் அழகாக இருக்கும். இருட்டு அறையில் கண்ணைக் குத்தும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு போதும் என்பது வேறு விஷயம்.

இனி அறை. நம்மூர் படுக்கையறையைச் சத்தத்துக்காகவே கெடுத்துக் கட்டியிருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, கான்கிரீட் தளமும் பத்தடி உயரத்தில். சுவர் செங்கல், மேலே சிமெண்ட் பூச்சு. தரையில் வழவழவென்று டைல்ஸ். பத்தடி என்பது ஏறக்குறைய 3.05 மீட்டர். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அது முன்னும் பின்னும் மோதி நின்றுகொள்ளும் முதல் அதிர்வெண் 56 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 56 அதிர்வு. பேஸ் கிடாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தைத் தொடும்போதெல்லாம் அறை கும்மென்று வீங்கும், அடுத்த ஸ்வரத்தில் அடங்கிவிடும். அகலமும் உயரமும் அதே பத்தடி என்பதால் மூன்று திசையிலும் அதே எண் வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறையாக இருந்தால் ஒரு திசை 47க்கு நகர்ந்து கொஞ்சம் மூச்சு விடும். இந்த வீக்கம் அதிகமாகத் தெரிவது சுவரோரத்திலும் மூலையிலும். நம் கட்டில் இருப்பது எங்கே? மூலையில். தலையணை சுவரோரம்.

இதனால்தான் சின்ன அறைக்குச் சின்ன ஸ்பீக்கர் என்கிறேன். அடி ஸ்வரங்களைப் பாடும் ஊஃபர் நாலு அங்குலமாக உள்ள பெட்டி 60 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்திலேயே தளர்ந்துவிடும். அறை எங்கே வம்பு செய்கிறதோ அங்கே அது பேசுவதே இல்லை. ஆறரை அங்குலம் போட்டால் அறையோடு சண்டைதான். இது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை சமாதானம் இல்லை. பிபிசி 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்து குரலைச் சரிபார்ப்பதற்காக எல்எஸ்3/5ஏ என்று ஒரு ஸ்பீக்கரை வடிவமைத்தது. ஒரு அடி உயரம், 5 லிட்டர் அளவுள்ள பெட்டி. அடிமட்ட பாஸ் அதில் கிடையாது. மனிதக் குரல் மட்டும் அச்சு அசலாக வரும். இன்றைக்கும் உரிமம் பெற்று அதைச் செய்கிறார்கள், வாங்குகிறார்கள். விலை நமக்கு ஆகாது. ஆனால் சின்ன இடத்துக்கு எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தப் பொறியாளர்கள் எடுத்த முடிவு நமக்கும் பொருந்தும்.

எதிரொலிக்கு மருந்து நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. கையைத் தட்டிப் பாருங்கள். டிங் என்று ஒரு வால் இழுத்தால் அறை வெறுமையாக இருக்கிறது என்று பொருள். கட்டில் மெத்தையே பாதியைக் குடித்துவிடும். மீதிக்கு ஒரு கனமான திரை, புத்தக அலமாரி, தரையில் ஒரு பவானி ஜமக்காளம். சுவரில் ஒட்டும் முக்கோண ஸ்பாஞ்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மெல்லிய ஸ்பாஞ்ச் உச்ச ஸ்வரங்களை மட்டும் தின்றுவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும், தூசும் சேரும். இரும்பு பீரோ இருக்கும் அறையில் இன்னொரு வேடிக்கை உண்டு. குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்துக்கு பீரோ கதவு கிர்ரென்று கூடவே பாடும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், முதலில் பீரோ கதவைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

எங்கே வைப்பது என்பதில் நம்மவர்கள் செய்கிற கொடுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாஃப்டில் வைப்பார்கள்! ஏழடி உயரத்தில், பழைய சூட்கேசுக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே. இல்லாவிட்டால் ஷோகேசில் பொம்மைகளோடு ஒன்றும், டிவிக்குப் பின்னால் ஒன்றும். உச்ச ஸ்வரங்களைப் பாடும் சின்ன ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். கட்டிலில் சாய்ந்து கேட்பவருக்கு அது தரையிலிருந்து மூன்றடி சொச்சம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஐந்தாறு அடி, உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் அதே அளவு. முக்கோணம். கால்மாட்டுச் சுவர்ப் பக்கம் இரண்டு சின்ன ஸ்டூலில் வைத்துவிட்டால் முடிந்தது. சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால், பாஸுக்காகப் பெட்டியில் விட்டிருக்கும் துளை முன்பக்கம் இருக்கும் மாடலாகப் பாருங்கள். பின்பக்கத் துளையைச் சுவரில் முட்ட வைத்தால் கும்கும் என்று பானைக்குள் பாடுவது போல ஆகிவிடும்.

சரியாக வைத்தோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு விலை உயர்ந்த டெஸ்ட் சிடி எதுவும் வேண்டாம். ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு கண்ணில் படும். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டூடியோவில் இன்று மிஞ்சி நிற்பது அந்த வளைவுதான். அந்தக் காலத்துப் படப் பாட்டு எதுவானாலும் சரி, ஒன்றைப் போடுங்கள். 1970களின் பிற்பகுதி வரை தமிழ்ப் படப் பாடல்கள் பெரும்பாலும் மோனோதான். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வருவதால், எல்லாம் சரியாக இருந்தால் டி.எம்.எஸ். குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், ஸ்பீக்கரே இல்லாத வெற்றிடத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், அல்லது நாபில் கோளாறு. குரல் எங்கே இருக்கிறது என்றே பிடிபடாமல் தலையைச் சுற்றி அலைந்தால், பாஸும் செத்துப்போயிருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறியிருக்கிறது. மாற்றிச் செருகியதும் குரல் நடுவுக்கு வந்து உட்காரும்.

இன்னொன்றும் இதிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்பது முழுக்க அந்தக் காலத்துப் பாட்டுதான், வேறு எதுவும் இல்லை என்றால், ஸ்டீரியோவே தேவையில்லை. அதே பணத்துக்கு ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாம். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது.

சரி, எதை வாங்குவது? ஒரே பெட்டியில் இரண்டு பக்க ஸ்பீக்கரும் அடங்கிய ப்ளூடூத் வகையறா முதலில் கண்ணில் படும். சமையலறைக்கு நல்லது. ஒன்றரை அடிப் பெட்டிக்குள் இடதும் வலதும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்டீரியோ என்பது பேருக்குத்தான்.

ஆம்ப்பை ஸ்பீக்கருக்குள்ளேயே வைத்து வரும் ஜோடி அடுத்தது. எடிஃபையர் ஆர்1280டிபி போன்றவை இந்த ரகம். நாலு அங்குல ஊஃபர், 13 மில்லிமீட்டர் ட்வீட்டர், இரண்டும் சேர்த்து 42 வாட் ஆர்எம்எஸ். பக்கவாட்டில் பாஸ், ட்ரெபிள் நாப்கள், ரிமோட், ப்ளூடூத், டிவியிலிருந்து ஒலியை ஒளியாகக் கொண்டுவரும் ஆப்டிகல் இணைப்பு எல்லாம் உண்டு. ஃபோனிலும் லேப்டாப்பிலும் மட்டுமே பாட்டுக் கேட்கிறவருக்கு இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சிடி அடுக்கடுக்காக வைத்திருப்பவர்கள், ரேடியோ வேண்டும் என்பவர்கள் டெனான் ஆர்சிடி-எம்41 மாதிரி சிடி ரிசீவர் பக்கம் போகலாம். பக்கத்துக்கு 30 வாட். சிடி, எஃப்எம், ப்ளூடூத் மூன்றும் ஒரு சின்னப் பெட்டிக்குள். மராண்ட்ஸ் எம்-சிஆர்612 இன்னும் ஒரு படி மேலே. 60 வாட், இணையத்தில் பாட்டு ஓட்டும் வசதி. இந்த வகையின் நன்மை, ஸ்பீக்கர் தனியாக இருப்பது. நாளைக்கு ஆம்ப் போனாலும் ஸ்பீக்கர் நிற்கும். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். பெட்டியோடு இலவசமாக வரும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இலவசத்துக்கான தரம்தான்.

கையில் சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர்கள் வேறு வழியில் போவார்கள். எல்ஏ4440 என்ற ஆம்ப் ஐசியும் 12-0-12 டிரான்ஸ்பார்மரும் இல்லாத மெக்கானிக் கடை தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் கிடையாது. அந்த ஐசி ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட் தரும். மேலே போட்ட கணக்குப்படி படுக்கையறைக்கு அதுவே போதும், உண்மையாகவே போதும். ஆனால் இன்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் கிளாஸ்-டி ரக ஆம்ப் போர்டுகள் சூடில்லாமல், இரைச்சலும் குறைவாக, அதைவிட நன்றாகப் பாடுகின்றன. சேலம் வெயிலில், மூடிய அலமாரிக்குள் ஆம்ப் வைக்கிற வீட்டுக்குச் சூடாகாதது பெரிய சௌகரியம். இன்னொரு சின்ன விஷயம். வீட்டு இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் ரகமாக இருந்தால், கரண்ட் போனதும் டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப் ஊம் என்று முனக ஆரம்பிக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அது இல்லை.

ஆபீஸ் அறைக்கு இதெல்லாம் பாதி மாறிவிடும். மேஜையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். அறையைவிட ஸ்பீக்கரே காதுக்குப் பக்கம். மூன்று அங்குலம் போதும், வாட்ஸ் எதுவானாலும் போதும். மேஜைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலிதான் அங்கே எதிரி. ஸ்பீக்கருக்கு அடியில் ஏதாவது முட்டுக்கொடுத்து முகத்தைப் பார்த்து மேலே சாய்த்து வைத்தால் குரல் தெளியும். கம்ப்யூட்டரோடு கம்பியில் இணைத்ததும் ஸ்பீக்கரில் கிர்கிர் என்று சத்தம், மவுஸை நகர்த்தினால் கூடவே அதுவும் நகர்கிறது என்றால், இரண்டு கருவிகளின் எர்த் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் ஒரே பிளக் பாயிண்டில் செருகிப் பாருங்கள், அல்லது கம்பியை விட்டு ஆப்டிகலுக்குப் போய்விடுங்கள். எர்த் பின்னை வெட்டி எறிவது மட்டும் வேண்டாம். சத்தம் நிற்கும், ஒரு நாள் ஷாக் அடிக்கும். ஆபீசில் ப்ளூடூத் வேண்டவே வேண்டாம் என்பேன். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் டிங் டிங் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்.

ஏற்காட்டில் மாமா வீட்டுக்கு செட் பார்த்தபோது என் கணக்கில் பாதி மாறிப்போனது. காப்பி, மிளகு, நடுவே சில்வர் ஓக் மரங்கள், அதற்குள் ஒரு பழைய ஓட்டு வீடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கும் கீழே சேலத்துக்கும் சத்த விஷயத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே ஃபேன் கிடையாது. சேலத்தில் மார்ச்சிலிருந்து ஜூன் வரை தலைக்கு மேல் ஃபேன் சுற்றாமல் படுக்க முடியாது. அம்மாபேட்டைப் பக்கமென்றால் தறிச் சத்தம் வேறு. பாட்டின் மெல்லிய இடங்களெல்லாம் அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். அதற்காகவே வால்யூமைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கிறது. நடு ஸ்வரங்கள் தெளிவாக உள்ள ஸ்பீக்கர் சேலத்துக்கு முக்கியம். ஏற்காட்டில் எட்டு மணிக்கு மேல் பூச்சி சத்தம் மட்டும்தான். இங்கே வைக்கும் வால்யூமில் பாதிகூட வேண்டாம்.

அந்த அமைதியில் வேறொன்று வெளியே வந்துவிடுகிறது. ஆம்ப் உள்ளேயே இருக்கும் மலிவான ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் பாட்டு இல்லாதபோதும் ட்வீட்டரிலிருந்து உஸ்ஸென்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். சேலத்தில் ஃபேன் அதை மறைத்துவிடும், யாருக்கும் தெரியாது. மலைவீட்டில், தலைமாட்டிலிருந்து நாலடியில், அது தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் மாமாவுக்கு ஆக்டிவ் ஜோடி வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டேன். அவரிடம் நாதஸ்வர சிடிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, ஆகாசவாணி செய்தி கேட்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சிடி ரிசீவரும் தனி ஸ்பீக்கரும் என்று முடிவானது.

ஸ்பீக்கரில் நான் பார்த்தது ஊஃபரின் ஓர வளையத்தை. ஃபோம் வளையமா, ரப்பர் வளையமா என்று. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊரில் ஃபோம் ஈரம் குடித்துச் சில வருஷத்தில் பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். ரப்பர் தாங்கும். சிடி லென்சில் பூஞ்சை படியும், வால்யூம் நாப் கரகரக்கும். நாபுக்குக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இருக்கிறது. மற்றபடி ஈரத்துக்கு இருக்கும் ஒரே நல்ல வைத்தியம், செட்டைத் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுவது. உள்ளே சூடேறினால் ஈரம் தங்காது. மாசக்கணக்கில் துணி போட்டு மூடிவைத்தவைதான் முதலில் கெடுகின்றன. எஃப்எம்முக்குப் பெட்டியோடு வரும் ஒயர் ஆன்டெனாவைச் சுருட்டியபடியே பின்னால் தள்ளிவிடக் கூடாது. 'டி' வடிவில் வரும் ஒயரானால், இரண்டு கையும் ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளத்துக்கு விரியும். அதை விரித்துச் சுவரில் ஆணியடித்துக் கட்டிய பிறகுதான் மாமாவுக்குச் செய்தி இரைச்சலில்லாமல் வந்தது. ஏப்ரல், மே மாதக் கோடை இடிக்கு மட்டும் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும், வெளியே ஆன்டெனா கட்டியிருந்தால் அதன் ஒயரையும் உருவிப் போட வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயருக்காகச் சேலத்தில் எலெக்ட்ரிகல் கடைக்குப் போனோம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் அதே 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டைச் செம்புக் கம்பி. பத்தடித் தூரத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தங்க முலாம் பூசிய ஒயருக்குக் கொடுக்கும் காசில் இன்னும் நாலு சிடி வாங்கலாம்.

போன வாரம் மாமா ஃபோன் பண்ணினார். பேரன் ஏதோ சொல்லியிருக்கிறான் போல. "ஏன் மாப்ள, சப்ஊஃபர்னு பாஸுக்குன்னே தனியா ஒரு பொட்டி இருக்காமே, அதையும் வாங்கிரலாமா?" என்றார்.

"உங்க ரூமுக்கு வேண்டாங்க மாமா. நாதஸ்வரத்துல அதுக்கு வேலையே இல்ல. தவிலோட அடிச்சத்தத்துக்கு இருக்கற ஸ்பீக்கரே போதும். பத்தலைன்னா ரெண்டு பெட்டியையும் சுவத்துப் பக்கமா ஒரு சாண் தள்ளிப் பாருங்க, பாஸ் தானா ஏறும்."

"அதுக்குக் காசு?"

"ஒண்ணும் கிடையாதுங்க மாமா."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார். பேரன் விடுவதாக இல்லை. தீபாவளிக்கு ஆஃபர் வருமா என்று எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறான்.